வாயால் படம் எடுத்தவர்

அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் காகிதத்தையும் எங்கேயாவது கொண்டுபோய்க் காட்டி, "பாருங்க, எங்க சனங்க என்னப் பத்தி எழுதுற அளவுக்கு வந்துட்டாங்க" என்று இரண்டு பெரிய மனிதர்களைப் பிடித்துவிடுவார். திட்டினாலும் அதை மாலையாக மாட்டிக்கொள்கிற ஆள்.

மஸ்கெலியா டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் துணிக்கடைக்கு மேல்மாடியில் என் ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், சடங்கு, தேர்த் திருவிழா, சாவு என்று சுற்றுவட்டத் தோட்டங்களில் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டார்கள் என்று எழுதவேண்டும். ஒரு மழை நாளில் அவர் படியேறி வந்தார். கழுத்தில் பெரிய கெமரா. குடையை மடக்குவதற்கு முன்பே கும்பிட்டு, "தங்கச்சி, ஒங்களத்தான் இத்தன நாளா தேடிக்கிட்டு இருக்கேன்" என்றார். தேடுவதற்கு என்ன இருக்கிறது, கீழே போர்டு மாட்டியிருக்கிறதே என்று நினைத்தேன். ஆனாலும் கேட்கும்போது நன்றாகத்தான் இருந்தது. அந்த நன்றாக இருப்பதுதான் அவருடைய முதலீடு.

ஹட்டனில் படக்காரர்களுக்கென்று ஒரு வட்டம் நடத்துவதாகச் சொன்னார். அந்த வட்டத்தில் அவரைத் தவிர வேறு ஒரு ஆளை நான் கண்டதில்லை. அவர் போன பிறகு நானா மேலே வந்து, "ஆர் புள்ள அது? ஒண்ணும் வாங்கல்ல. ஆனா என்ட மகன்ட பேரு, பேரப்புள்ளட பேரு எல்லாம் கேட்டு வாங்கிட்டுப் போறாரு" என்றார். அடுத்த பெருநாளைக்கு அந்தப் பேரப்பிள்ளையின் பெயர் சொல்லி நானாவுக்கு வாழ்த்து வந்தது. நானா அந்த வாழ்த்தைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். விழுந்துவிட்டார் மனிதர்!

ஒருநாள் அவர் தன் கெமராவை என் மேசையில் வைத்துவிட்டு நானாவோடு பேசக் கீழே போனார். எடுத்துப் பார்த்தேன். உள்ளே பெட்டரி இல்லை. திரும்பி வந்ததும் கேட்டேன்.

"கனம் தங்கச்சி" என்றார், கொஞ்சமும் கூசாமல். "பேசப் போறப்ப படம் எடுக்கிற வேல இல்லையே. கழுத்துல தொங்குனா போதும்."

அவர் வேலை பேசுவதுதான். படத் திட்டங்களை எடுத்துக்கொண்டு எம்பசிக்கும், நிறுவனங்களுக்கும், தோட்டத்துத் தொரை பங்களாவுக்கும், தொழிற்சங்கத்து ஆபீசுக்கும் போவார். அவர் வாயில் எல்லாமே 'ப்ராஜெக்ட்'. "படம் எடுக்கிறவன் தெருவுக்கு நாலு பேரு இருக்கான். எடுத்துச் சொல்றவன் எங்க இருக்கான்? அழுத புள்ளதான் பால் குடிக்கும். நம்ம சனத்துக்கு அழத் தெரியல்ல, அதான் நான் அழுறேன்" என்பார். யாரிடமாவது போகுமுன் அவர்களுடைய டிரைவரையோ கிளாக்கரையோ பிடித்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "அவங்க எதுக்கு அழுவாங்க?" பிள்ளைக்கா, நாய்க்கா, ஊருக்கா என்று தெரிந்துகொண்டுதான் உள்ளே நுழைவார். படத்தைப் பிறகுதான் தேடுவார்.

ஒருமுறை நான் எடுத்த ஒரு படத்தோடு ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கு என்னையும் கூட்டிப்போனார். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் நின்று சிரிக்கிற படம். காலையில் தொரை பங்களாவில், சப்பாத்து மினுங்க நின்று, "இந்தச் சிரிப்பப் பாருங்க சேர். இந்தத் தோட்டத்தோட பேரே இந்தச் சிரிப்புலதான் இருக்கு" என்றார். தொரை பூரித்துப்போய், கண்காட்சி வைக்கக் கிளப்பைத் தருகிறேன் என்றார். மத்தியானம் வழியிலேயே வெள்ளைச் சட்டை மாற்றிக்கொண்டு சங்கத்து ஆபீஸ். அதே படம். "இந்தச் சிரிப்புக்குப் பின்னால இருக்கிற கண்ணீரப் பாருங்க தலைவரே." தலைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சனங்களை ஏற்றிவர வேன் தருகிறேன் என்றார். நான் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன். அந்தப் பெண்கள் எதற்குச் சிரித்தார்கள் தெரியுமா? தராசுக்காரன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்குள் அட்டைப்பூச்சி ஏறிக்கொண்டிருந்தது. அதை அவரிடம் சொன்னேன். "அது வேணாம் தங்கச்சி, அதுக்கு யாரும் ஒண்ணும் தரமாட்டாங்க" என்றார்.

எங்கே பேசினாலும் தொடக்கம் ஒன்றுதான். "எங்கம்மா கையில கொழுந்து வாசம் போனதே இல்ல." கேட்கிறவர்கள் முகம் இளகிவிடும். எனக்கோ பற்றிக்கொண்டு வரும். அவர் அப்பா கண்டாக்கு. மலையில் பெண்களை வேலை வாங்குகிற உத்தியோகத்தர். குடும்பம் குவாட்டர்ஸில் இருந்தது, தொழிலாளர் லயத்தில் இல்லை. அவர் அம்மா மலையில் கால் வைத்தது சாமி கும்பிடப் போனபோதுதான். அதே தோட்டத்து லயத்திலிருந்து அவர்கள் அடுப்புக்கு விறகு சுமந்து போட்டது என் அம்மா; அவர் யாரென்று அம்மாதான் எனக்குச் சொன்னாள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

"அண்ணே, கொழுந்து பறிச்சது ஒங்கம்மாவா எங்கம்மாவா?"

அவர் கோபிக்கவில்லை. என்னைக் கனிவாகப் பார்த்து, "ஒங்கம்மா வேற, எங்கம்மா வேறயா தங்கச்சி?" என்றார். இதற்கு அறைந்தால்தான் உண்டு.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் எடுத்த படம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். இளவயதில் பட்டிப்பொல ஸ்டேஷனில் எடுத்தது. பனிக்குள் ஒரு கிழவர் ரயிலுக்குக் காத்திருக்காமல் சும்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அப்படி ஒரு படம் இதுவரை வாய்த்ததில்லை. "இத ஏன் யாருக்கும் காட்டுறதில்ல?" என்று கேட்டேன். "இதுக்குச் சொல்ல ஒண்ணுமில்ல" என்று வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார். அந்த ஒரு நாள் மட்டும் அவர் மேல் எனக்கு வெறுப்பு வரவில்லை.

இனி என் பெட்டியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்காகத்தான் அவர் என்னைத் தேடி வந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது.

தோட்டத்தில் யாராவது செத்தால் சந்தியில் வெள்ளைக்கொடி கட்டி, கண்ணீர் அஞ்சலி பேனர் வைப்பார்கள். அதற்கு ஒரு முகம் வேண்டும். கிழடுகட்டைகளுக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படம் கிடையாது. அதைப் பெருப்பித்தால் திருடனைப் போல இருக்கும். மேல்பிரிவு லயத்து ராக்கம்மா பெரியம்மா தன் புருஷனுடைய பேனரைப் பார்த்து, "இது யாருடி?" என்று கேட்டாள். அடுத்த கிழமை ஸ்டூடியோவுக்கு வந்து நின்றாள். கத்தரிப்பூ நிறச் சேலை, தலையில் பூ, நெற்றியில் விபூதி.

"புள்ள, நான் உசிரோட இருக்கிறப்பவே எனக்கு ஒரு நல்ல படம் எடுத்து வச்சிரு. ஆனா ஒண்ணு. நான் கண்ண மூடுற வரைக்கும் அது ஒன் பொட்டியிலயே கெடக்கணும். அதுக்கு முன்னாடி வெளிய வந்துச்சுன்னா எமன் வாசலப் பாத்துட்டான்னு அர்த்தம்."

சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தப் படத்தில் பெரியம்மா ராணி மாதிரி இருந்தாள். அவள் சொல்லி மற்றவர்கள் வந்தார்கள். நடக்கமாட்டாதவர்களுக்கு நானே லயத்துக்குப் போனேன். காம்பரா அறைக்குள் சேலையைத் திரையாகக் கட்டி, கதவு வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுப்பேன். செத்த பிறகு மட்டும் படம் வெளியே வரும். இந்த வார்த்தையைக் காப்பாற்றுகிற வரைக்கும்தான் அந்த லயத்துக் கதவுகள் எனக்குத் திறக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் கால்நடையாகப் போய் நான் எத்தனை லயத்தைப் பார்ப்பது? கேட்ட தோட்டங்களுக்கெல்லாம் போக வண்டி வேண்டும், நல்ல பிரிண்டர் வேண்டும். எனக்குக் கேட்கத் தெரியாது. அவருக்கு அது ஒன்றுதான் தெரியும். "கொழும்புலருந்து ஒரு நிறுவனத்து ஆளுங்க நுவரெலியாவுக்கு வர்றாங்க. மூணே பேரு. ஒரு ரூம்புக்குள்ள காட்டுவோம், அந்த ரூம்போட முடிஞ்சிரும். என் ரெண்டு கண்ணு மேல சத்தியம்" என்றார். நம்பிப் பெட்டியைத் திறந்து படங்களைக் கொடுத்தேன்.

நுவரெலியா ஹோட்டலில் அவர் பேசியதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. வந்திருந்த மூவரில் தலைமையான மேடத்துக்குத் தாயார் தவறி அதிக நாள் ஆகவில்லை என்பதை டிரைவரிடம் கேட்டு வைத்திருந்தார். திரையில் ராக்கம்மா பெரியம்மாவின் முகம் வந்ததும், "அம்மாவோட மொகத்த நல்லபடியா எடுத்து வைக்கிற குடுப்பின எல்லாப் புள்ளைங்களுக்கும் கெடைக்கிறதில்ல மேடம்" என்றார். மேடம் அழுதுவிட்டார். வெட்கக்கேடு, நானும்தான் அழுதேன். என் படங்கள் இவ்வளவு பெரியவை என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. உதவி கிடைத்துவிடும் என்று கைகொடுத்துப் போனார்கள்.

மறுநாள் காலையில் அவருடைய பேஸ்புக் பக்கத்தில் பெரியம்மா இருந்தாள். சுற்றிலும் கறுப்புப் பின்னணி. கீழே, "இந்த முகத்தை மலை மறக்காது, அம்மா" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே சனம் வரிசையாக 'ஆழ்ந்த அனுதாபங்கள்' போட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்!

உடனே அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அத எடுங்க. இப்பவே எடுங்க. பெரியம்மா உசிரோட இருக்காங்க."

"இருங்க தங்கச்சி, செத்தாங்கன்னு நான் எங்க எழுதுனேன்? எத்தன பேரு பாத்திருக்காங்க தெரியுமா? வெளிநாட்டுலருந்தெல்லாம் கேக்குறாங்க. பின்னேரம் எடுத்துர்றேன்."

பின்னேரம் எடுத்தாரா இல்லையா என்பது எனக்குத் தெரியாது. அதற்குள் போகவேண்டிய இடத்துக்கு அது போய்விட்டது. ராகலையில் பெரியம்மாவின் அண்ணன் வீட்டில் யாரோ போனில் பார்த்திருக்கிறார்கள். நான் அடுத்த நாள் விடிந்ததும் பெரியம்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று மேல்பிரிவுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். ஒரு வேன் என்னைக் கடந்து போனது. உள்ளே பெண்கள் தலைவிரி கோலமாக ஒப்பாரி வைத்துக்கொண்டு போனார்கள்.

ஓடினேன். லயத்துச் சனமெல்லாம் இஸ்தோப்புத் திண்ணைக்கு வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியம்மாவும் கையில் ரொட்டி மாவோடு வெளியே வந்து, "யாருடி செத்தது?" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்டாள்.

வேனிலிருந்து அவள் அண்ணன் இறங்கினார். இரண்டு கையிலும் ஒரு புதுச் சேலையை ஏந்திக்கொண்டிருந்தார். பிறந்த வீட்டுக் கோடி. பெண் செத்தால் கூடப்பிறந்தவன் கொண்டுவந்து போர்த்தவேண்டிய சேலை. தங்கச்சியைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். ஒப்பாரி நின்றுபோனது. பெரியம்மா சேலையைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு போன் போட்டுக் கேக்கக் கூடாதாண்ணே?" என்று லயத்து ஆள் ஒருவர் சத்தம் போட்டார்.

"சாவு வீட்டுக்குப் போன் போட்டு, செத்தது நெசமான்னு எவன்யா கேப்பான்?" என்றார் கிழவர், அழுதுகொண்டே.

பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது. கொண்டுவந்த கோடி திரும்பிப் போனால் பிறந்த வீட்டுக்கு ஆகாது. வாங்கி வைத்தால் இவளுக்கு ஆகாது. ஆற்றில் விடலாம் என்றார் ஒருவர், கோயிலில் போடலாம் என்றார் இன்னொருவர், சாமியே அதை ஏற்காது என்றார் பூசாரி. கடைசியில் பெரியம்மாவே எழுந்து, கையைக் கழுவிவிட்டு வந்து, "குடுண்ணே. என்னைக்கானாலும் வேணுந்தானே" என்று வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை. விளக்கை அணைத்தால் கத்தினாள். கொழும்புக் கடையில் வேலைசெய்கிற மகன் லீவு போட்டுவிட்டு வந்து கூடவே கிடந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். கீழ்ரோட்டிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறி வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். எல்லோருமாகச் சேர்ந்து இவரைப் பிய்த்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், ஆசையோடு காத்திருந்தேன். நேரே போய்ப் பெரியம்மாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"அடிங்கம்மா. செருப்பாலேயே அடிங்க. எங்கம்மாவ எமனுக்குக் குடுத்துட்டு நிக்கிற பாவி நான். ஒங்க மொகத்துல எங்கம்மாவப் பாத்துட்டேன். அந்தப் பாசத்துல புத்தி கெட்டுப்போச்சு."

அவர் அம்மா ஹட்டனில் மகள் வீட்டில் நாடகம் பார்த்துக்கொண்டு சுகமாக இருக்கிறார். அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் லயத்துப் பெண்கள் இரண்டு பேர் அவரைத் தூக்கி உட்காரவைத்துவிட்டார்கள். ஒருத்தி அவர் காலில் ஏறியிருந்த அட்டைக்கு உப்பு வைத்தாள். ஒருத்தி இஞ்சி போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தாள். பெரியம்மாவே, "அழுவாத தம்பி, தாயில்லாப் புள்ள" என்று அவர் தலையைத் தடவினாள்.

தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு அவர் மெல்லச் சொன்னார்: "அம்மா, அந்தக் கோடிய மடியில வச்சிக்கிட்டு நீங்க ஒரே ஒரு தடவ உக்காரணும். எமன் வந்து பாத்துட்டு வெறுங்கையோட திரும்பிப் போயிட்டான்னு ஒலகத்துக்குச் சொல்லணும். அதுக்கப்புறம் ஒங்களுக்குப் பயமே இருக்காது."

பெரியம்மாவின் முகத்தில் அத்தனை நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு வந்தது. உள்ளே போய்க் கோடியை எடுத்துவந்து உட்கார்ந்தாள். அவர் படம் எடுக்கப் போனைத் தூக்கினார்.

"பெரியம்மா, எந்திரிங்க!" என்று கத்தினேன். "ஒங்களச் சாகடிச்சவரே இவருதான். இதையும் கொண்டுபோய் வித்துருவாரு. இவரோட அம்மா சாகவும் இல்ல, ஒண்ணுமில்ல!"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியம்மா அவரைப் பார்க்கவேயில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"கத்தாத புள்ள. அவரு யாரு? ரோட்டுல போறவரு. அவரு பொய் சொன்னா சொல்லிட்டுப் போறாரு, எனக்கென்ன? நான் அவர நம்பியா பூ வச்சிக்கிட்டு வந்து உக்காந்தேன்? ஒன்ன நம்பித்தானே உக்காந்தேன்."

"பெரியம்மா, அந்த ரூம்போட முடிஞ்சிரும்னு இவருதான் சத்தியம் பண்ணுனாரு" என்று சொல்லலாம்தான். எந்த ரூம்பு என்று அவள் கேட்டால்? லயத்துச் சனம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் படத்தை எடுத்துக்கொண்டு, எல்லோரையும் பெயர் சொல்லிக் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அந்தக் கிழமை முடிவதற்குள் ஸ்டூடியோவுக்கு ஒவ்வொருவராக வந்து அவரவர் படத்தை வாங்கிப்போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. "குடுத்துருங்க, எங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்கள், அவ்வளவுதான். என்னை 'ங்க' போட்டுப் பேசினார்கள். முந்தி 'புள்ள' என்று கூப்பிட்ட வாய்கள். அதற்குப் பிறகு மேல்பிரிவில் ஒரு சாவு விழுந்தது. நானாவே தாங்காமல், "என்ன புள்ள, ஒனக்குச் சொல்லல்லயா?" என்று கேட்டார். சொல்லவில்லை. நானாகவே போனேன். இஸ்தோப்பில் நின்ற பெண்கள் என்னைக் கண்டதும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாவு வீட்டில் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

கோடியோடு இருக்கிற அந்தப் படம் அவரை எங்கெங்கோ கொண்டுபோனது. கொழும்பில் கண்காட்சி, அதற்கப்புறம் வெளிநாடு. அதற்குக் கீழே என்ன எழுதினார் என்று நான் போய்ப் பார்க்கவில்லை. பெரியம்மா நன்றாக இருக்கிறாளாம், சாப்பிடுகிறாளாம். பயம் போய்விட்டதாம். அதையும் அவரேதான் செய்து கொடுத்தார்.

கொஞ்சநாள் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. முதலில் நானாவின் பேரப்பிள்ளையைப் பெயர் சொல்லி விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கேள்விப்பட்டேன் தங்கச்சி. மேல்பிரிவுல ஒங்களுக்குக் கதவு தொறக்கிறதில்லயாம். மனசு கேக்கல்ல. நான் வேணும்னா ஒருக்கா வந்து பேசிப்பாக்குறேனே? எல்லாஞ் சரியாயிரும்."

கிண்டல் இல்லை. நெஞ்சாரத்தான் சொன்னார். அவர் வந்து பேசினால் சரியாகிவிடும் என்பதும் எனக்குத் தெரியும். பெண்கள் அழுவார்கள், பெரியம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைப்பாள், எல்லாக் கதவும் திறக்கும். போனை வைத்துவிட்டேன். அவர் இன்னும் நான் கூப்பிடுவேன் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். நான் கூப்பிடவில்லை. அந்தச் சாவுக்குப் பிறகு மேல்பிரிவுக்கு இன்றுவரை போகவும் இல்லை.